புது கோச் வந்ததும் ஜெயிக்கிறோம்: கைராசியா, வேலையா?

பாமணியாற்றுக்கரை
வெள்ளி, இரவு 10.52

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்து ஊர் நான். எங்கள் ஊர் எழுவர் கால்பந்து அணிக்குச் செயலாளர் என்று பெயர். சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது எல்லாம் அந்தப் பதவிக்குள் அடக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். சுற்றுவட்டார அணிகள் எட்டு சேர்ந்து கோடை லீக் நடத்துகிறோம். ஆளுக்கு ஏழு ஆட்டம். முதல் நான்கிலும் நாங்கள் தோற்றோம். நாலாவது தோல்வியன்று பழைய கோச், சாமான் அறைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் புதிதாக ஒருவர் வந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்தக் காலத்தில் நன்றாக ஆடியவர். அவர் வந்தபின் மூன்று ஆட்டம், மூன்றும் வெற்றி: 2-1, 3-0, 1-0. ஆக 9 புள்ளி. நான்காவது இடத்தில் ஒட்டிக்கொண்டு அரையிறுதிக்கு வந்துவிட்டோம்.

ஞாயிறு மாலை அரையிறுதி. அது முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. கையில் இருப்பது 40,000 ரூபாய். கமிட்டியில் இரண்டு கட்சி. இவரை அடுத்த சீசன் முழுக்க மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. அந்தப் பணத்தில் கோப்பைப் போட்டிகளுக்கு வெளியூரிலிருந்து இரண்டு கெஸ்ட் பிளேயரை இறக்கலாம், கோச்செல்லாம் கைராசிதான் என்பது இன்னொன்று.

நான் முதல் கட்சி. ஜெர்மனியில் தோற்றுக்கொண்டிருந்த லெவர்குசன் அணி புது கோச் வந்தபின் கோப்பை வாங்கிய கதையைச் சொல்லிப் பார்த்தேன். பொருளாளர், "ஜெர்மனி கதையை ஜெர்மனியில் போய்ச் சொல்" என்றார். உங்கள் கருத்து வேண்டும். முடிந்தால் கணக்கோடு.


குடந்தை_காப்பி
வெள்ளி, இரவு 11.08

கமிட்டிக்கு ஒரே பெயரைச் சொல்லுங்கள்: கிளாப். 2015 அக்டோபரில் அவர் கோச்சாக வந்தபோது இங்கிலாந்தின் லிவர்பூல் அணி 10-ஆவது இடத்தில் கிடந்தது. 2019-இல் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. 2020-இல் 30 வருடத்துக்குப் பிறகு இங்கிலாந்து லீக் கோப்பை, அதுவும் 99 புள்ளியோடு. விவாதம் முடிந்தது, நான் தூங்கப் போகிறேன்.


கடைமடை
வெள்ளி, இரவு 11.31

காப்பி அண்ணே, தூங்காதீர்கள். நீங்கள் கூட்டிவந்த சாட்சி என் கட்சிக்காரர். கிளாப் வந்ததும் முதல் மூன்று ஆட்டமும் டிரா. டாட்டன்ஹாமோடு 0-0, ரூபின் கசானோடு 1-1, சவுதாம்ப்டனோடு 1-1. அந்த சீசன் முடிந்தபோது லிவர்பூல் 8-ஆவது. தம்பி பாமணி கேட்பது மூன்று ஆட்டத்தைப் பற்றி. மூன்று ஆட்டத்தை வைத்து மார்க் போட்டால் கிளாப்பே ஃபெயில்.

பாமணிக்கு: மழை பொய்த்தால் ஊரில் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள், தெரியும்தானே? எப்போது இழுப்பார்கள்? வயல் பாளம் பாளமாக வெடித்து, நாற்று கருகி, இனித் தாங்காது என்ற நிலையில். ஐப்பசி அடைமழையில் யாராவது இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கடைசிக் கட்டத்தில் இழுப்பதால், அடுத்த வாரம் மழை வந்தால் பெயர் கொடும்பாவிக்குப் போய்விடுகிறது. கோச்சை மாற்றுவதும் இதே கதை. நாலு தோல்வி ஆனபிறகுதான் மாற்றுகிறோம். வரிசையாக நாலு தோற்க, மோசமாக ஆடினால் மட்டும் போதாது, நேரமும் கெட்டிருக்க வேண்டும். கம்பத்தில் பட்டு வெளியே போவது, நம் ஆள் கால் பட்டே கோல் விழுவது. கெட்ட நேரம் ஒரே வீட்டில் குடியிருக்காது. பழைய கோச்சே இருந்திருந்தாலும் அடுத்த மூன்றில் ஒன்றிரண்டு வந்திருக்கும்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார ஆய்வாளர் நெதர்லாந்து லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த கோச் மாற்றங்களை எடுத்துக் கணக்குப் போட்டார். மாற்றியதால் அணிகளின் ஆட்டம் முன்னேறவில்லை என்றுதான் அவருக்கு விடை வந்தது.

ஒரு கேள்வி. முதல் நான்கு ஆட்டம் யாரோடு, பின் மூன்று யாரோடு? அதைச் சொல்லாமல் ஸ்கோரை மட்டும் சொன்னால் எப்படி?


அதிரை_இடதுகால்
சனி, காலை 6.15

துபாயில் டூட்டிக்குக் கிளம்புகிற நேரம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனி கதை வேண்டாம் என்றால் சென்னைக் கதையைச் சொல்லுங்கள். 2019-20 ஐஎஸ்எல் சீசனில் சென்னையின் எஃப்சி அணி முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி. கோச் ஜான் கிரெகரி விலகினார், டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். புதிதாகப் பெரிய ஆள் யாரையும் வாங்கவில்லை. அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே தாப்பா. 29 புள்ளியோடு நான்காவது இடம். அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5. ஃபைனலில் கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 1-3 என்று தோற்றது வேறு விஷயம், கொரோனாவால் ஆளில்லாத ஸ்டேடியத்தில் நடந்த ஃபைனல் அது. வால்ஸ்கிஸ் 15 கோலோடு தங்க ஷூ வாங்கினார். ஆள் அதே, ஆட்டம் வேறு. இது கோச் இல்லாமல் வேறு என்ன?

உங்கள் அணியும் நான்காவது இடத்தில்தான் நுழைந்திருக்கிறது. நல்ல சகுனம்.


கடைமடை
சனி, காலை 7.02

அதிரைக் காக்கா, அந்த ஜான் கிரெகரியின் முழுக்கதையையும் சொல்லுங்கள். 2018 மார்ச்சில் பெங்களூரை அதன் மண்ணிலேயே 3-2 என்று அடித்துக் கோப்பை வாங்கிக்கொடுத்தவர் அவர். அடுத்த சீசனில் அதே ஆள் அதே அணியை வைத்துக்கொண்டு 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். ஒரு வருடத்தில் அவர் எதை மறந்துபோனார்? போஸ்டகோக்லு 2025 மே மாதம் டாட்டன்ஹாமுக்கு யூரோப்பா லீக் வாங்கிக்கொடுத்தார். அதே சீசனில் அதே அணி லீக்கில் 17-ஆவது. கோச் நல்லவரா கெட்டவரா என்று ஒரு வரியில் எழுத வேண்டுமென்றால் இந்த இரண்டு பேருக்கும் என்ன எழுதுவீர்கள்?


பாமணியாற்றுக்கரை
சனி, காலை 8.20

கடைமடை அண்ணன் கேட்ட கணக்கு. நேற்று ராத்திரியே எழுதிப் பார்த்துவிட்டேன், கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

தோற்ற நான்கும் லீக் முடிவில் 1, 3, 5, 6-ஆம் இடத்தில் இருக்கும் அணிகளோடு. ஜெயித்த மூன்றில் முதல் இரண்டு, 8-ஆம் இடம், 7-ஆம் இடம். கடைசி 1-0 மட்டும் 2-ஆம் இடத்து அணியோடு. இதைப் பொருளாளர் இன்னும் கவனிக்கவில்லை. தயவுசெய்து யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.


குடந்தை_காப்பி
சனி, காலை 8.26

பொருளாளர் இந்த இழையைப் படிக்கிறாரா?


பாமணியாற்றுக்கரை
சனி, காலை 8.27

அவரிடம் பட்டன் போன்தான்.


பழைய_விசில்
சனி, காலை 9.40

தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் பிடி வாத்தியாராக இருந்தவன் நான். ரெஃப்ரியாகவும் ஊதியிருக்கிறேன். தம்பி பாமணி, ஸ்கோரையும் டேபிளையும் கொஞ்சம் ஓரமாக வை. நீ எழுதிய இரண்டு பதிவிலும் ஒன்று இல்லை. அந்த மனிதர் வந்து என்ன செய்தார்? அதைச் சொல்லாமல் அவர் கைராசிக்காரரா இல்லையா என்று நாங்கள் எப்படிச் சொல்வது?


பாமணியாற்றுக்கரை
சனி, காலை 11.05

சார், அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நாலாவது ஆட்டத்தை அவர் பார்க்க வந்திருந்தார். அப்போது பொறுப்பு ஏற்கவில்லை, சும்மா வந்து பார்க்கிறேன் என்றுதான் சொன்னார். எங்கள் ஆட்டம் நடப்பது வாய்க்காலை ஒட்டிய திடலில். அறுத்த வயலில் உளுந்து நிற்பதால் வேறு இடம் கிடையாது. மேட்டூர் மூடி மாதக்கணக்காகிவிட்டது, வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. அவர் போய் மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். சட்டையின் இடது பையில் எதையோ கொட்டிக்கொண்டார். ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இடது பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் விரித்திருந்த துண்டில் போடுகிறார். சுண்டல் தின்கிறார் என்று நினைத்தேன்.

0-3 தோற்றோம். பையன்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் வந்து துண்டை அவர்கள் நடுவில் விரித்தார். புளியங்கொட்டை. "எண்ணுங்கள்" என்றார். எண்ணினார்கள். 41. "நம் பாதிக்குள் வைத்து நீங்களாகவே பந்தை அவனிடம் கொடுத்தது இத்தனை தடவை. அவன் மூணு கோல்தான் அடித்தான். கெட்டிக்காரனாக இருந்திருந்தால் பத்து அடித்திருப்பான்" என்றார். திட்டவில்லை. கொட்டைகளை மறுபடி பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மறுநாள்தான் வருகிறேன் என்று போன் செய்தார்.

அதன்பிறகு அவர் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் கோல்கீப்பர் பந்து கையில் வந்ததும் வானத்தைப் பார்த்து உதைப்பான், சனங்கள் கைதட்டும். இனி உதைக்காதே, கையால் உருட்டு என்றார். அவன் உருட்டும்போது இரண்டு பேர் இரண்டு ஓரத்தில் கோட்டை மிதித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு வாரம் முழுக்க இது ஒன்றுதான் பயிற்சி. உருட்டு, ஓரம் போ, நில், திரும்பு. கோல் அடிக்கும் பயிற்சி கிடையாது. பையன்கள் அலுத்துப்போய் என்னிடம் புகார் சொன்னார்கள். இன்னொன்று, கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் கமிட்டிக்காரர்கள் எல்லோரையும் வாய்க்காலின் எதிர்க்கரைக்குப் போகச் சொல்லிவிட்டார். கெஸ்ட் பிளேயர் கட்சி அங்கேதான் உருவானது என்பது என் ஊகம்.


கடைமடை
சனி, காலை 11.19

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? அடுத்த மூன்று ஆட்டத்தில் எத்தனை கொட்டை?


பாமணியாற்றுக்கரை
சனி, காலை 11.24

36, 33, 22. அந்த 22, இரண்டாம் இடத்து அணியோடு ஆடியபோது.


கடைமடை
சனி, நண்பகல் 12.10

சரி, என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். முழுசாக மாறிவிட்டேன் என்று காப்பி அண்ணன் கொண்டாட வேண்டாம்.

எழுவர் ஆட்டத்தில் ஒரு மேட்சுக்கு மொத்தமே மூன்று நாலு கோல்தான் விழும். அவ்வளவு சின்ன எண்ணில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். கொட்டைக் கணக்கு அப்படியில்லை, நாற்பது தடவை நடக்கும் காரியம் அது. 41-இலிருந்து 22-க்கு இறங்குவது கம்பத்தில் பட்டுத் திரும்பிய கதை ஆகாது. அதுவும் மூன்றில் பலமான எதிரணியோடு ஆடும்போதுதான் அதிகமாக இறங்கியிருக்கிறது. என் வேலை கூட்டுறவு வங்கியில். கடன் திரும்பி வருமா என்று பார்க்க, இந்த மாத வட்டி வந்ததா என்று மட்டும் பார்க்க மாட்டோம், வயலில் என்ன நிற்கிறது என்றும் போய்ப் பார்ப்போம். பெரியவர் வயலைப் பார்க்கிறார்.

அப்படியும் மூன்று ஆட்டம் மூன்று ஆட்டம்தான். நாளைய எண்ணையும் சொல்லுங்கள்.


காரைக்கால்_9ஆம்நம்பர்
சனி, பிற்பகல் 2.30

நம்பர் 9 போட்டு ஆடியவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், கோல் அடிக்கும் பயிற்சி இல்லையா! பரவாயில்லை.

இதில் யாரும் இங்கிலாந்துக் கோச் பிரையன் கிளஃபைப் பேசவில்லையே. லீட்ஸில் 44 நாள் இருந்துவிட்டு வெளியே அனுப்பப்பட்ட மனிதர். 1975 ஜனவரியில் இரண்டாம் டிவிஷனில் கிடந்த நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு வந்தார். 1976-இல் பழைய கூட்டாளி பீட்டர் டெய்லர் சேர்ந்தார். 1977-இல் மேலே ஏறினார்கள், ஏறிய முதல் வருடமே, 1978-இல் லீக் சாம்பியன். 1979-இலும் 1980-இலும் ஐரோப்பியக் கோப்பை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது அதற்குள் இருக்கும் ஜான் ராபர்ட்சன். உடம்பு கனத்து, சிகரெட்டும் கையுமாக, விற்றுவிடலாம் என்று பட்டியலில் போட்டிருந்த ஆள். பார்த்தால் ஆட்டக்காரன் என்றே சொல்ல முடியாது. அவரை இடது ஓரத்தில் நிறுத்தி, பந்தை இவன் காலுக்குக் கொடுங்கள், மற்றதை இவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டார்கள். 1979 ஃபைனலில் மால்மோவுக்கு எதிரான ஒரே கோலுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தது ராபர்ட்சன். 1980-இல் ஹாம்பர்க்கை வென்ற ஒரே கோலை அடித்ததும் அவர்தான்.

பாமணி, உங்கள் அணியில் ஓரத்தில் நிற்கும் அந்த இரண்டு பேர் யார்? முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்கள்?


பாமணியாற்றுக்கரை
சனி, பிற்பகல் 3.15

அண்ணே, ஒருவன் முன்பு நடுவில் ஆடினான். இன்னொருவன் பெஞ்சில் இருந்தான், தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு. மெலிந்த பையன், வேகம் இல்லை. ஆனால் பந்து வந்தால் விடமாட்டான். சின்ன வயதில் பாட்டியோடு மாடு மேய்த்தவன், பொறுமை அதிகம் என்று அவன் அம்மா சொல்வார்.


குடந்தை_காப்பி
சனி, மாலை 4.00

கிளாப்பைச் சொன்னதற்கு மூன்று டிராவை எடுத்துக் காட்டினார்கள். அதே 2015 டிசம்பரில் வெஸ்ட் பிராமோடு சொந்த மண்ணில் 2-2. ஒரிகி 96-ஆவது நிமிடத்தில் சமன் செய்தார். ஆட்டம் முடிந்ததும் கிளாப் எல்லாரையும் வரிசையாகக் கைகோத்து நிறுத்தி ரசிகர்களைப் பார்த்து வணங்கவைத்தார். வெஸ்ட் பிராமோடு டிரா செய்ததற்கு இவ்வளவா என்று உலகமே சிரித்தது. அன்றைக்கு நானும்தான் சிரித்தேன், பொய் சொல்லக் கூடாது. 80-ஆவது நிமிடத்திலேயே எழுந்து வீட்டுக்குக் கிளம்பும் கூட்டத்தை அவர் கடைசி வரை உட்காரவைக்கப் பார்த்தார் என்று பின்னால்தான் புரிந்தது. 2019-இல் பார்சிலோனாவை 4-0 என்று அடித்த ராத்திரி யார் எழுந்து போனார்கள்?

கொட்டைக் கதைக்கு ஈடாக லிவர்பூலிலும் ஒன்று உண்டு. 2018-இல் த்ரோ-இன், அதாவது ஓரக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே எறிவதைக் கற்றுக்கொடுக்கவென்றே ஒரு கோச், தாமஸ் குரோனமார்க், டென்மார்க்காரர். த்ரோ-இன்னுக்கு ஒரு கோச்சா என்று டிவியில் கிண்டல் செய்தார்கள். ஒரு ஆட்டத்தில் எத்தனை த்ரோ-இன் வருகிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் கிண்டல் செய்யவில்லை.


பழைய_விசில்
சனி, மாலை 5.25

காப்பி, நீ நேர்மையானவன் என்றால் அந்த 2018-இன் இன்னொரு பாதியையும் சொல். ஜனவரியில் டிஃபெண்டர் வான் டைக்கை வாங்க 7.5 கோடி பவுண்டு. அதே கோடையில் கோல்கீப்பர் அலிசன். கெஸ்ட் பிளேயர் கட்சிக்காரர்கள் முட்டாள்கள் கிடையாது, இதைத்தான் சொல்கிறார்கள். நம் கோவைக் கதையையே எடுத்துக்கொள். கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி 2017-18 ஐ-லீக்கில் 8-ஆவது. அடுத்த சீசனுக்கு சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். 43 புள்ளியோடு சாம்பியன், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. கடைசி நாள் 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியத்தில் எதிரணி மினர்வா மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. அப்புறம் 3-1. இரண்டு கோல் அடித்தது ஃபார்வர்டு இல்லை, கௌரவ் போரா என்ற டிஃபெண்டர். கோச்சின் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த சீசனில் 21 கோல் அடித்த மான்சியும் ஸ்பெயினிலிருந்து வந்த மற்றவர்களும் இல்லாமல் அந்தக் கோப்பை வந்திருக்குமா? இரண்டும் வேண்டியிருந்தது.

உன் கையில் இருப்பது 40,000. கெஸ்ட் பிளேயர் வருவான், கோப்பை வாங்கித் தந்துவிட்டுத் திங்கட்கிழமை வேறு ஜெர்சி போடுவான். அவன் இருக்கும் வரைக்கும் மாடு மேய்த்த பையன் மறுபடி தண்ணீர் பாட்டில் தூக்குவான். எது நஷ்டம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்.


காரைக்கால்_9ஆம்நம்பர்
சனி, இரவு 8.10

ஒரு சந்தேகம். எல்லோரும் புதுப் பெரியவரைப் புகழ்கிறோம். சாவியைக் கொடுத்துவிட்டு சைக்கிளில் போன மனிதர்?

லெஸ்டர் சிட்டி நினைவுக்கு வருகிறது. 2016-இல், 5000-க்கு 1 என்று பந்தயம் கட்டிய இங்கிலாந்து லீக் கோப்பை. கோச் கிளாடியோ ரனியேரி, முதன்முதலாகக் கோல் வாங்காமல் ஜெயித்த ஆட்டத்துக்குப் பிசா வாங்கித் தந்தது, எல்லாம் சரி. அதற்கு முந்தின சீசனில் கடைசி இடத்தில் கிடந்து, கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழை ஜெயித்துத் தப்பித்தார்களே, அப்போது கோச் நைஜல் பியர்சன். வார்டியையும் மாரேஸையும் அவர்தான் வைத்து வளர்த்தார். கோடையில் அவரை அனுப்பிவிட்டார்கள். கோப்பையில் அவர் பெயர் இல்லை. அந்த ரனியேரியையும் ஒன்பது மாதத்தில் அனுப்பினார்கள் என்பது இன்னொரு அசிங்கம். 2025-இல், கிளாப்புக்குப் பின் வந்த ஆர்னே ஸ்லாட் முதல் வருடமே லிவர்பூலுக்கு லீக் வாங்கினார். ஏறக்குறைய ஆள் எல்லாம் கிளாப் விட்டுப்போன ஆள்.


பாமணியாற்றுக்கரை
சனி, இரவு 9.33

அண்ணே, இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய கோச் ஆறு வருடம் காசு வாங்காமல் வந்தவர். இந்தப் பையன்கள் எல்லாரும் அவரிடம்தான் முதலில் ஷூ கட்டக் கற்றார்கள். கோல்கீப்பர் உதைப்பது தப்பு என்று அவரும் சொல்லியிருக்கிறார். சொன்ன வருடம் இரண்டு கோல் வாங்கியதும் கமிட்டி கத்தியது, விட்டுவிட்டார். புதியவர் கமிட்டியை எதிர்க்கரைக்கு அனுப்பியது போல இவரால் முடியவில்லை, உள்ளூர்க்காரர், நாளைக்கு அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார வேண்டுமே. நாளைக்குக் காலையில் போய்ப் பார்த்து அரையிறுதிக்கு அழைக்கலாம் என்று இருக்கிறேன்.


நெறியாளர்
சனி, இரவு 9.50

லிவர்பூல், மான்செஸ்டர் ரசிகர்கள் இடையில் போட்டுக்கொண்ட பதினொரு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே மன்னார்குடி விஷயம் மட்டும்.


அதிரை_இடதுகால்
சனி, இரவு 11.40

டூட்டி முடிந்தது. பொருளாளர் ஜெர்மனி கதையை வேண்டாம் என்றார், ஆனால் அவர் கேட்டது பாதிக் கதைதான் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்தது கடைசிப் பக்கம்: 2023-24-இல் லெவர்குசன் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் 28 வெற்றி, 6 டிரா, 90 புள்ளி, பயர்ன் மியூனிக்கின் பதினொரு வருடச் சாம்பியன் வரிசையை உடைத்து முதல் லீக் கோப்பை. 2024 ஏப்ரல் 14 அன்று பிரேமனை 5-0 அடித்தபோது மைதானத்துக்குள் சனம் இறங்கியதை ராத்திரி ஷிஃப்டில் போனில் பார்த்தேன். அதற்கு முன் இந்த ஊருக்குக் கிண்டல் பெயரே "நெவர்குசன்". 2002-இல் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றிலும் இரண்டாவதாக வந்து வாங்கிக்கட்டிக்கொண்ட பெயர்.

முதல் பக்கம் இப்படி. 2022 அக்டோபர் 5, எட்டு ஆட்டத்தில் 5 புள்ளி, 18 அணியில் 17-ஆவது. சாபி அலோன்சோ வருகிறார். அதற்கு முன் அவர் பெரிய அணி எதையும் நடத்தியதில்லை, ரியல் சோசியடாட்டின் இரண்டாம் அணியில் இருந்தவர். முதல் ஆட்டம் ஷால்கேயை 4-0. கைராசி என்றிருப்பார்கள். நாலு நாளில் போர்ட்டோவிடம் சொந்த மண்ணில் 0-3. அந்த வாரக் கடைசியில் ஃபிராங்க்ஃபர்ட்டிடம் 1-5. உங்கள் பொருளாளர் அங்கே இருந்திருந்தால் அன்றைக்கே கமிட்டி கூட்டியிருப்பார். அவர்கள் கூட்டவில்லை. அந்த சீசன் 6-ஆவது இடம், யூரோப்பா லீக் அரையிறுதி. அடுத்த கோடையில்தான் ஷாக்கா, கிரிமால்டோ, ஹோஃப்மன், போனிஃபேஸ் எல்லாம் வந்தார்கள். ஒருவருடம் பார்த்துவிட்டு, தன் ஆட்டத்துக்கு எந்த இடத்தில் ஓட்டை என்று தெரிந்துகொண்டு வாங்கிய ஆட்கள்.

மேட்டூரில் மதகைத் தூக்கிய அன்றைக்கே வேதாரண்யத்தில் தண்ணீர் வந்துவிடுமா?

இன்னொன்று. அலோன்சோ 2025-இல் போனபின் வந்த எரிக் டென் ஹாகை இரண்டே லீக் ஆட்டத்தில் அனுப்பினார்கள். அதே கிளப்தான். பொறுமையும் நிரந்தரம் இல்லை.


கடைமடை
ஞாயிறு, காலை 6.50

காக்கா, தலைஞாயிற்றுக்காரன் நான். கடைமடைக்குத் தண்ணீர் வராத வருடமும் உண்டு என்பதையும் எழுதியிருக்கலாம். மற்றபடி ஃபிராங்க்ஃபர்ட் 1-5 நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்கு அரையிறுதி யாரோடு?


பாமணியாற்றுக்கரை
ஞாயிறு, காலை 7.05

முதலிடத்து அணியோடு. லீக் முதல் ஆட்டத்தில் எங்களை 4-0 அடித்தவர்கள்.


பாமணியாற்றுக்கரை
ஞாயிறு, இரவு 11.15

தோற்றுவிட்டோம். 1-2. 

முதல் பாதியில் 1-0 முன்னால் இருந்தோம். கோல்கீப்பர் உருட்டினான், ஓரத்துப் பையன் திரும்பினான், நாலு பாஸ், கோல். கமிட்டிக்காரர்கள் எதிர்க்கரையில் துண்டைச் சுற்றினார்கள். இரண்டாம் பாதியில் ஒரு கார்னர், எங்கள் ஆள் தலையில் பட்டே உள்ளே போனது. கடைசி இரண்டு நிமிடத்தில் ஒன்று. அவர்கள் நல்ல அணி, குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய கோச் வந்திருந்தார். பெரியவர் அவரை மதகுக் கட்டையில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஆட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. கொட்டையை மட்டும் பழைய கோச் எடுத்துக் கொடுத்தார், இவர் துண்டில் போட்டார்.

17.

கமிட்டி ஒன்பதரை வரைக்கும் நடந்தது. நான் 41, 36, 33, 22, 17 என்று சாக்பீஸால் சுவரில் எழுதினேன். பொருளாளர் நன்றாகப் பார்த்துவிட்டு, "கொட்டை குறைந்தது சரி, கோப்பை எங்கே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும். கடைசியில் பாதிப் பணத்தில் பெரியவர் தீபாவளி வரைக்கும், மீதிப் பாதியில் ஒரு கெஸ்ட் பிளேயர் என்று முடிவு. பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, "ஒருத்தன் உள்ளே வந்தால் ஒருத்தன் வெளியே உட்காரணும். யார் என்று கமிட்டியே சொல்லிவிடட்டும்" என்றார். யாரும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்குப் பயிற்சி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். அடுத்த சீசனில் கொட்டையை நீ எண்ணு, நான் கால்களைப் பார்க்க வேண்டும் என்றார்.


பழைய_விசில்
ஞாயிறு, இரவு 11.31

எப்போது எண்ணுவது என்று ஒழுங்கு வைத்துக்கொள். த்ரோ-இன்னில் இழந்தது சேருமா சேராதா என்று முதலிலேயே அவரிடம் கேட்டுவிடு. நடுவில் மாற்றினால் கணக்கு கெட்டுவிடும்.


குடந்தை_காப்பி
ஞாயிறு, இரவு 11.34

சேரும். குரோனமார்க் கோவித்துக்கொள்வார்.


காரைக்கால்_9ஆம்நம்பர்
திங்கள், காலை 7.20

கொட்டைக்கு எங்கே போவாய்?


பாமணியாற்றுக்கரை
திங்கள், காலை 8.02

வீட்டில் அம்மா வருடப் புளி தட்டிக்கொண்டிருக்கிறார், முற்றம் முழுக்கக் கொட்டைதான். கேட்டேன். எடுத்துக்கொள், வறுத்துத் தின்னக் கொஞ்சம் விட்டுவை என்றார்.


கடைமடை
திங்கள், காலை 8.10

வாரா வாரம் எண்ணிக்கையை இங்கே போடவும். கூடவே எதிரணி எந்த இடம் என்பதையும்.